பங்காளிக்கும் பேரேடு உண்டு



2023 ஜூலை 11-ஆம் நாள் டான்ஸ்ரீ ஜி. ஞானலிங்கம் தமது 78-ஆவது வயதில் காலமானார். கிள்ளானின் பண்டமாரானுக்குத் தென்மேற்கே, பூலாவ் இண்டாவில் 1994-இல் இயங்கத் தொடங்கிய வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்தைக் கட்டி எழுப்பியவர் அவர். புகையிலைக் கம்பெனியில் விற்பனை வேலை பார்த்து, ஐம்பது வயதை ஒட்டித்தான் துறைமுகத் தொழிலுக்கு வந்தார். அவர் மறைந்த பிறகு தலைவர் நாற்காலியில் மகன் ரூபன் அமர்ந்தார். கப்பல் வருவது நிற்கவில்லை. அந்த ஓர் ஆண்டில் மட்டும் இருபதடிக் கணக்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கொள்கலன்கள் அங்கே ஏறி இறங்கின.

இதே பண்டமாரானின் கடைவரிசையிலோ, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ ஒரு மளிகைக் கடை முதலாளி காலமானால் என்ன நடக்கிறது? கருமாதி முடிவதற்குள் வங்கிக் கணக்கு முடங்கிவிடுகிறது. கடை லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தமும் அவர் பெயரில்தான். யாரிடம் எவ்வளவு பாக்கி, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மனத்தில் மட்டும் இருந்த கணக்கு. முப்பது ஆண்டு ஒரே கல்லாவில் மாறி மாறி உட்கார்ந்த அண்ணன் தம்பிகளின் பிள்ளைகள், பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இந்தக் கதை கிள்ளானில் யாருக்கும் புதிதல்ல. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கடையின் பெயர் நினைவுக்கு வரும்.

பெரிய கம்பெனிக்கு வக்கீல் உண்டு, கணக்காய்வாளர் உண்டு, பங்குச் சந்தை விதி உண்டு; சின்னக் கடைக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 2013 அக்டோபரில் வெஸ்ட்போர்ட்ஸ் பங்குச் சந்தைக்கு வந்தபோதே ரூபன்தான் அதன் தலைமைச் செயல் அதிகாரி. தந்தை இருக்கும்போதே மகன் பத்தாண்டு பொறுப்பில் இருந்தார். ஊழியர்களும் கப்பல் நிறுவனத்தாரும், ஹாங்காங் ஹட்சிசன் போன்ற பங்குதாரரும் அதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். சின்னக் கடையில் குறைவது இந்தப் பத்தாண்டுதான். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. தந்தை சாவியைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு, மகன் எடுத்த முடிவைக் கடைப் பையன்கள் முன்னால் மாற்றாமல் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

குடும்பத் தொழிலின் பலம் எது என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் 'நம்பிக்கை' என்பார்கள். ரத்த உறவு இருக்கும்போது எழுத்து எதற்கு, கையெழுத்து எதற்கு, கணக்குக் கேட்டால் அண்ணன் மனம் நோகாதா என்றும் கேட்பார்கள். தமிழர் வணிக வரலாறு இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. உறவை நம்பியே கடல் கடந்து மிக நீண்ட காலம் தொழில் செய்த ஒரு சமூகம், உறவினரிடம்தான் மிகக் கறாராகக் கணக்குக் கேட்டது.

நாட்டுக்கோட்டை நகரத்தாரை, அதாவது செட்டியார்களைச் சொல்கிறோம். கோலாலம்பூரின் லெபோ அம்பாங், பினாங்கின் பினாங்குத் தெரு, ரங்கூன், மோல்மேன், கொழும்பு, சைகோன் என்று அவர்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், தரையில் வரிசையாக மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் முதலாளி அல்லர். முதலாளி காரைக்குடிப் பக்கத்தில், தேவகோட்டையில், கானாடுகாத்தானில் இருப்பார். இங்கே இருப்பவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். ஊரில் இருக்கும் முதலாளியின் பணத்தை, கப்பலேறி வந்த ஒருவர், பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆளுக்குக் கடன் கொடுக்கிறார். கடிதமும் தந்தியும் தவிர வேறு வழியில்லாத காலம் அது. ஏமாற்றுவதற்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்று ஆண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும் முன்பே ஊரில் கையில் கிடைத்துவிடும்; வீட்டில் இருப்பவர்கள் அதை வைத்துப் பிழைப்பார்கள். கணக்கு முடியும்போது லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. மூன்றாம் ஆண்டு முடிவில் அடுத்த மேலாள் வந்து இறங்குவார். பழையவரும் புதியவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு கடனையும் சரிபார்த்து ஒப்படைப்பார்கள். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை எல்லாம் எழுதப்பட்டிருக்கும். ஊர் திரும்பியவர் முதலாளி முன்னால் கணக்கை வைத்த பிறகுதான் அவர் பணி முடிந்ததாகக் கொள்ளப்படும். அந்த மேலாள் முதலாளிக்கு மைத்துனராக இருக்கலாம், பங்காளி வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அதனால் எந்தச் சலுகையும் கிடையாது. உறவு, வேலைக்கு ஆளைக் கண்டுபிடிக்க உதவியது. தவறு செய்தால் ஊரில் பெண் கிடைக்காது, அடுத்த கணக்குக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள் என்ற பயத்தையும் உறவே கொடுத்தது. ஆனால் நாள்வழி எழுதும் வேலையை உறவிடம் விட்டுவிடவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வசதியான செட்டியார் தம் மகனைத் தம் கடையிலேயே முதலில் உட்கார வைப்பதில்லை. உறவினர் ஒருவரின் கடைக்குப் பெட்டியடிப் பையனாக அனுப்புவார். அங்கே அவன் மை கரைப்பான், கணக்கைப் பிரதி எடுப்பான், மேலாளிடம் திட்டு வாங்குவான். முதலாளியின் மகன் என்ற அடையாளம் அங்கே செல்லாது. இன்றைக்கு நம் கடைகளில் படிப்பு முடிந்த மறுநாளே மகன் 'மேனேஜர்' ஆகிவிடுகிறான். இருபது ஆண்டு வேலை செய்த ஆள் அவனுக்குத் தேநீர் வாங்கி வருகிறார். அந்த ஆள் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விட்டால் யாரைக் குறை சொல்வது?

வீட்டுக்குள்ளும் அவர்கள் இதே கறாரைக் காட்டினார்கள். திருமணமான மகனை 'வேறு வைப்பது' என்று ஒரு முறை உண்டு. பெரிய வீடு ஒன்றுதான், முற்றம் ஒன்றுதான், சாமி அறையும் ஒன்றுதான். ஆனால் புதுத் தம்பதிக்கு அடுப்பு தனி, செலவுக் கணக்கு தனி. ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் அவர்கள் குடித்தனம் நடத்த வேண்டும். கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே பானையில் சமைத்து ஒரே பணப்பெட்டியில் கையை விடுவது என்று நாம் கற்பனை செய்து வைத்திருக்கிறோம். நூறு பேர் வாழ்ந்த செட்டிநாட்டு வீடுகள் அப்படி இயங்கவில்லை. கடைப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு, மகன் பணம் வேறு என்று கோடு போட்டு வாழ்ந்ததால்தான் ஒரே கூரைக்குக் கீழே அவர்களால் அவ்வளவு காலம் இருக்க முடிந்தது.

இந்த நம்பிக்கை வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களின் கதை வேறு. பர்மாவில் பொருளாதார மந்தம் வந்தபோது, கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்கள் பெயருக்கு மாறின. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. இங்கே மலாயாவில், மலாய்க் குடியானவரின் நிலம் கடனுக்காகக் கைமாறுவதைத் தடுக்க 1931-லும் 1933-லும் காலனி அரசு சட்டம் போட்டது. பர்மாவில் எழுந்த கசப்பு கடைசியில் அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவதில் முடிந்தது. உள்ளே கறாரான நேர்மை இருந்தது. வெளியே இருந்தவருக்கு அதே கறார் மட்டும்தான் தெரிந்தது. குடும்பத் தொழிலைப் புகழ்ந்து பேசும் மேடைகளில் இந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை, புரட்டத்தான் வேண்டும்.

அந்தப் பேரேடுகளில் பெண்கள் பெயரும் இருந்தது. சீதனமாக வந்த பணம் கணவன் வீட்டுச் சொத்தோடு கலந்துவிடாது. பெண்ணின் பெயரில் தனிப் பற்று வரவு எழுதி, வட்டி கணக்கிட்டு, கடையின் முதலோடு சேர்த்து ஓடவிடுவார்கள். ரங்கூனிலும் கோலாலம்பூரிலும் ஓடிய பணத்தில் ஒரு பகுதி, கப்பலையே பார்த்திராத ஆச்சிகளின் பணம். பணத்துக்கு இடம் இருந்த கிட்டங்கியில் அவர்களுக்கு மட்டும் இடம் இல்லை.

அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900-இல் பர்மாவின் மோல்மேனில் வட்டிக்கடை தொடங்கினார். ஜப்பானியர் வருவதற்கு முன்பே, 1930-களில் குடும்பம் முதலைத் தமிழ்நாட்டுக்கு நகர்த்தியது. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, பிறகு உரம், சர்க்கரை, நிதி நிறுவனம் என்று விரிந்து இன்று இந்தியாவின் மிகப் பெரிய குடும்பத் தொழில் குழுமங்களில் ஒன்றாக நிற்கிறது. 1990-களின் இறுதியில் குடும்பத்தார் தினசரி நிர்வாகத்திலிருந்து விலகி, வெளியார் நிபுணர்களிடம் கம்பெனிகளை ஒப்படைத்தார்கள். குடும்பத் தொழிலைப் பற்றிய வகுப்புகளில் இதை முன்மாதிரியாகச் சொல்வார்கள். அந்த மரியாதை அவர்களுக்குத் தகும்.

2017-இல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எம்.வி. முருகப்பன் காலமானார். அவருக்கு மகன் இல்லை, இரண்டு மகள்கள். மூத்தவர் வள்ளி அருணாசலம் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களில் பணியாற்றியவர். குழுமத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸில் தந்தை வழியில் தங்களுக்கு எட்டு விழுக்காட்டுக்கு மேல் பங்கு இருப்பதால், இயக்குநர் குழுவில் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார். 2020 செப்டம்பரில் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தது. 91 விழுக்காட்டுக்கு மேல் எதிர்த்து வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்தான். வழக்கு, பேச்சுவார்த்தை என்று மூன்று ஆண்டு போய், 2023 ஆகஸ்ட் 20-இல் குடும்ப உடன்படிக்கை ஆனது.

நூற்றிருபது ஆண்டு அனுபவம், வெளியார் நிர்வாகம், எழுத்தில் ஒழுங்கு எல்லாம் இருந்தும் அந்தக் குடும்பம் தடுமாறிய இடம் இதுதான்: மகள், பங்காளியா? எழுதி வைத்த விதிகளில் இந்தக் கேள்விக்கு விடை இருந்திருந்தால் அது பத்திரிகைக்கு வந்திருக்காது. நூறு ஆண்டுக்கு முன் ஆச்சியின் பணத்துக்குத் தனிப் பக்கம் போட்ட சமூகம், அவருடைய பேத்திக்கு ஒரு நாற்காலி போடத் தயங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் கடைகளுக்கு இந்தச் செய்தி மிகவும் நெருக்கமானது. இங்கே கணக்கியல் படிப்பது பெரும்பாலும் மகள். கணினியில் ஸ்டாக் ஏற்றுவதும் வருமான வரிப் படிவம் நிரப்புவதும் மகள். கடைப் பலகையில் மட்டும் 'அண்ட் சன்ஸ்'.

ஆண் வாரிசு இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? பிரிக்பீல்ட்ஸில் 1938-இல் பிறந்து, அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்தவர் ஆனந்த கிருஷ்ணன். மெக்ஸிஸ், ஆஸ்ட்ரோ என்று நாட்டின் வீடுதோறும் புகுந்த நிறுவனங்களைக் கட்டினார். அவருடைய ஒரே மகன் பதினெட்டு வயதில் தாய்லாந்தில் பௌத்தத் துறவியானார்; இன்று அஜான் சிரிபண்யோ என்ற பெயரில் காட்டு மடம் ஒன்றின் தலைவராக இருக்கிறார். 2024 நவம்பர் 28-இல் ஆனந்த கிருஷ்ணன் மறையும்வரை இந்த முடிவை எதிர்த்து அவர் வெளியில் ஒரு சொல் சொல்லவில்லை. நிறுவனங்களை நடத்தியவர்கள் தொழில்முறை நிர்வாகிகள். தமிழ்க் குடும்பத்தில் ஒரே மகன் தொழிலை வேண்டாம் என்பது சிறிய விஷயமா? 'யாருக்காக உழைத்தேன்' என்று தொடங்கும் பேச்சை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சைப் பேசாமல் இருந்ததற்காகவே அந்த மனிதர் மீது மதிப்புக் கூடுகிறது.

ஜப்பானியர்கள் இதற்கு வேறொரு வழி வைத்திருந்தார்கள். ஒசாக்காவின் கொங்கோ குமி, கி.பி. 578-இல் தொடங்கிய கோயில் கட்டும் நிறுவனம். 2006-இல் கடன் தாங்காமல் வேறொரு கம்பெனியின் கைக்குப் போகும்வரை ஒரே குடும்பப் பெயரில் நடந்தது. மகன் திறமையற்றவனாக இருந்தால் திறமையான மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரைச் சூட்டிவிடுவார்கள். அங்கே தொடர்ந்தது பெயர். ரத்தம் அடிக்கடி மாறியது.

பெயரும் தொடராமல் போனதுண்டு. 1924-இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்' பல கைகள் மாறி, கடைசியில் டத்தோஸ்ரீ சாமிவேலு குடும்பத்தாரின் நிர்வாகத்தில் நடந்தது. 2019 தொடக்கத்தில் நட்டத்தால் நின்றது. நூற்றாண்டுக்கு ஐந்தாண்டுதான் பாக்கி. அந்தப் பத்திரிகையில் முதல் கதை வெளிவந்த எழுத்தாளர்கள், திருமணச் செய்தி வெளிவந்த குடும்பங்கள், இரங்கல் விளம்பரத்தைக் கத்தரித்து வைத்திருக்கும் வீடுகள் எல்லாம் அதைத் தங்களுடையதாக நினைத்தன. சட்டப்படி அது ஒரு குடும்பத்தின் சொத்து, மூட அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு தொழில் சமூகத்தின் நினைவாக வளர்ந்துவிட்ட பிறகு, மூடுவதற்கு முன் அந்தச் சமூகத்திடம் 'நீங்கள் ஏற்று நடத்துகிறீர்களா' என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் உருவாகியிருக்க வேண்டும்.

அப்படி நடந்த ஒன்று கோலாலம்பூரிலேயே இருக்கிறது. ஈயச் சுரங்க முதலாளியும் விக்டோரியா கல்விக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவருமான கே. தம்புசாமிப் பிள்ளை 1873-இல் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில், பல பத்தாண்டுகள் பிள்ளை குடும்பத்தின் தனிக் கோயிலாகவே இருந்தது. அவர் 1902-இல் மறைந்தார். 1920-களின் பிற்பகுதியில் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு, நிர்வாகமும் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. இன்று தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது அங்கிருந்துதான். குடும்பத்தின் கையிலேயே இருந்திருந்தால் தம்புசாமிப் பிள்ளையின் பெயர் இவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

முதலாளிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பண்டமாரானில் பேசியதாக ஆகாது. இந்த ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பால் மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், லோரி ஓட்டியவர்கள், பிறகு சொந்தமாக ஒரு லோரி வாங்கியவர்கள். அவர்களுக்கு மூதாதையர் விட்டுச்சென்ற கடையும் இல்லை, விலாசமும் இல்லை. 1950-களில் வெள்ளைக்காரர் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வாங்கி விற்றவர்களில் நம்மவரும் இருந்தார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போன பாட்டாளிகளுக்காக 1960-இல் துன் வி.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவரே தோட்ட முதலாளி ஒருவரின் மகன். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். நாள்கூலிக்காரருக்குப் பத்து வெள்ளி என்பது வீட்டில் ஒரு வாரச் சாப்பாட்டைக் குறைக்கும் தொகை. ஆனாலும் கட்டினார்கள். 1961-இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தப் பணத்தில் வாங்கப்பட்டது.

அவர்கள் ஒருவருக்கொருவர் மாமனோ மச்சானோ அல்லர். பலருக்குப் படிக்கவும் தெரியாது. ரசீதையும் அதைக் கொண்டுவந்த மனிதரையும் நம்பினார்கள். நம் சமூகத்தின் வணிக நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது செட்டியார் பேரேட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பத்து வெள்ளி ரசீதையும் வைக்க வேண்டும்.

சேர்ந்திருப்பதைப் போலவே பிரிவதற்கும் ஒழுங்கு வேண்டும். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய நிறுவனம் டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தில் பேருந்து, உதிரிப் பாகம், மோட்டார் சைக்கிள் என்று வளர்ந்தது. நான்கு கிளைகளாகக் கிளைத்த குடும்பம் 2022 தொடக்கத்தில், யார் எதை நடத்துகிறாரோ அதன் உடைமையும் அவருக்கே என்று முறைப்படி பிரித்துக்கொண்டது. தெருச் சண்டை இல்லை. சிங்கப்பூரில் இதற்கு நேர் எதிரான கதை உண்டு. நம் வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்த சோயா சாஸும் சோயா பானமும் தந்த இயோ ஹியாப் செங் நிறுவனத்தின் குடும்பத்தார் 1994-இல் தங்களுக்குள் பிளவுபட்டார்கள்; அடுத்த ஆண்டே கம்பெனி, நில வணிகர் இங் டெங் ஃபோங் கைக்குப் போய்விட்டது. 1900-இல் சீனாவில் ஒரு சோயா சாஸ் கடையாகத் தொடங்கியதைச் சகோதரர் பிள்ளைகளின் சண்டை ஓராண்டில் அந்நியருக்குக் கொடுத்தது. பண்டமாரான் புதுக்கிராமத்துச் சீன தவுக்கேகள் 'செல்வம் மூன்று தலைமுறை தாண்டாது' என்று சொல்லும்போது இப்படிப்பட்ட பெயர்கள் அவர்கள் மனத்தில் இருக்கும்.

நம்பிக்கை உடைந்தால் அதைச் சட்டம் ஒரு பொருளாக மதிக்குமா? மதித்திருக்கிறது. லண்டனில் இப்ராகிமி, நாசர் என்ற இருவர் கம்பள வியாபாரத்தைப் பாதிப் பாதி கூட்டில் நடத்தினார்கள். 1958-இல் அதைக் கம்பெனியாக்கினார்கள். நாசர் தம் மகனையும் இயக்குநராகச் சேர்க்கக் கேட்டார். இப்ராகிமி ஒப்புக்கொண்டு, தம் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். 1969-இல் தந்தையும் மகனும் சேர்ந்து வாக்களித்து இப்ராகிமியை இயக்குநர் பதவியிலிருந்து நீக்கினார்கள். எழுத்துப்படி அது சட்டபூர்வமானது. 1972-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, பரஸ்பர நம்பிக்கையின் மேல் கட்டிய கம்பெனியில் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவரை வெளியே தள்ள முடியாது என்று சொல்லி, கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. நம் நாட்டு நீதிமன்றங்களும் அந்தத் தீர்ப்பை எடுத்தாள்கின்றன. மலேசியாவின் 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 346-ஆம் பிரிவு, ஒடுக்கப்பட்ட சிறு பங்குதாரர் நீதிமன்றம் போக வழி வைத்திருக்கிறது. ஆனால் இப்ராகிமிக்குக் கிடைத்தது கடை அல்ல, கடையை விற்ற பணத்தில் பங்கு. நீதிமன்றம் அதற்கு மேல் கொடுக்காது.

இனி நம் கடைகளுக்கு வருவோம். பெரும்பாலானவை ஒருவர் பெயரில் பதிந்த வணிகம், அல்லது இருவர் மூவர் கூட்டு. ஒருவர் பெயரில் உள்ளது அவரோடு முடிகிறது. கூட்டு வணிகம், 1961-ஆம் ஆண்டுக் கூட்டுரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் எழுதியிருந்தால் ஒழிய, கூட்டாளி ஒருவர் இறந்ததும் கலைகிறது. உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்து 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி பிரியும். பெற்றோர் இல்லை, மனைவி மக்கள் உண்டு என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோர் இருந்தால் அவர்களுக்குக் கால் பங்கு, மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. மகன் மகள் வேறுபாடு கிடையாது. அண்ணன் பெயரில் பதிந்த கடையில் இருபத்தைந்து ஆண்டு உழைத்த தம்பிக்கு இந்தப் பட்டியலில் இடமே கிடையாது. அண்ணன் நல்லவர், அண்ணி நல்லவர், பிள்ளைகளும் நல்லவர்கள் என்றாலும் சட்டத்தின் கண்ணுக்குத் தம்பி அங்கே வேலை செய்த ஓர் ஆள். சம்பளச் சீட்டு இல்லையென்றால் அதுவும் இல்லை.

சம்பளச் சீட்டு என்ற இந்தச் சிறிய தாளைப் பற்றி நம் கடைகளில் யாரும் பேசுவதில்லை. தம்பி, மைத்துனன், தங்கை, கல்லாவில் உட்காரும் அம்மா யாருக்கும் சீட்டு இல்லை. ஊழியர் சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை. வேண்டும்போது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். எடுப்பவருக்கும் குற்ற உணர்வு, பார்ப்பவருக்கும் மனக்கசப்பு. வங்காளதேசத் தொழிலாளிக்கு இருக்கும் ஆவணம்கூட அறுபது வயதில் அந்தத் தம்பிக்கு இருக்காது. ஆள் பற்றாக்குறையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. முடிதிருத்தம், ஜவுளி, பொற்கொல்லர் வேலை ஆகிய மூன்று துறைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் கிடைக்காமல் நம் வணிகர்கள் நீண்ட காலம் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2023-இல் 7,500 பேருக்கு அனுமதி என்று அரசு அறிவித்தது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் வீட்டு ஆட்கள்தான். கணக்கில் ஏறாத அவர்களின் உழைப்பில்தான் பல கடைகள் கோவிட் முடக்கத்தையும் தாண்டின.

தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்குப் பகிர்வு முறை வேறு. ஃபராயித் முறைப்படி பங்குகள் முன்பே வரையறுக்கப்பட்டவை. உயிரோடு இருக்கும்போதே ஹிபா என்னும் அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஜாலான் மஸ்ஜித் இந்தியாவின் துணிக்கடைகளிலும் நாணய மாற்றுக் கடைகளிலும் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொள்வார்கள். மரணத்தையும் பங்கையும் ஒரே மூச்சில் பேசுவது அங்கே அபசகுனமாகக் கருதப்படுவதில்லை. இந்துக் குடும்பங்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம் அது.

2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் வந்த பிறகு ஒரே ஆள் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருந்து ஒரு செண்டிரியான் பெர்ஹாட் தொடங்க முடியும். கம்பெனிக்கு மரணம் இல்லை. பங்குகள் கைமாறும், கடை திறந்திருக்கும். தம்பிக்கு உண்மையில் பங்கு உண்டு என்றால் அதைப் பங்குச் சான்றிதழில் எழுதிவிடலாம். பங்கு இல்லை, சம்பளம்தான் என்றால் அதையும் இன்றே சொல்லிவிடலாம். கேட்கக் கசப்பாக இருக்கும். பதினாறாம் நாளுக்குப் பிறகு கேட்பதைவிட அது குறைந்த கசப்பு.

உயில் எழுதுவதற்கு 1959-ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பது அதிகமில்லை. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்கக் கையெழுத்திட வேண்டும். திருமணத்துக்கு முன் எழுதிய உயில், திருமணம் ஆனதும் செல்லாமல் போகும் என்பதை மறுமணம் செய்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். இன்னொன்று நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. பக்கத்தில் இருக்கிறானே என்று மூத்த மகனையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். சாட்சியாகக் கையெழுத்திட்டவருக்கும் அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ அந்த உயிலில் எழுதிய எதுவும் சேராது. கடையை அவனுக்கே எழுதியிருந்தாலும் அவனுக்குக் கிடைக்காது. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். கூடவே அவர் கடை ஆள் ஒருவரையும்.